மணி வடிவத்தில் ஒரு ஓட்டை

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டுச் சிவப்பு மணல் காற்றில் ஏறி வந்து வீட்டு வாசல்களில் படுத்துக்கொள்ளும் கிருபையூரில், எமீமாள் டீச்சர் பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருசம் கைத்தொழில் வகுப்பு எடுத்தாள். துணிப்பொம்மையும் காகிதப்பூவும் ஊரில் பாதிப் பெண்களுக்கு அவள் கற்றுக்கொடுத்தவைதான். பள்ளிக்கூடம் அந்த வகுப்பே இனி வேண்டாம் என்று முடிவு செய்த வருசம் வீட்டுக்கு வந்தவள், வந்த மூன்றாம் மாதம் காகிதம் வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கி, கூடத்து மேசைமேல் வைத்தாள்.

ரொட்டிப் பெட்டி அளவுதான் இருக்கும். போனில் படம் வரைந்து அனுப்பினால் போதும். பசை தடவிய பச்சைப் பாயில் ஒட்டிக் கிடக்கும் அட்டையை அது முன்னும் பின்னும் இழுத்து, பேனா முள் போன்ற சின்னக் கத்தியால் நட்சத்திரம், மணி, புறா, பொங்கல் பானை, பிறை என்று கேட்டதை வெட்டித் தரும். எமீமாள் வெட்டியதை உரித்தெடுத்து, ஓரத்தில் சாயம் தொட்டு, சணல் நூல் கோத்து, வாங்குகிறவர் பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கொடுப்பாள். அவள் புருசன் தவராஜ் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் பெட்டி கட்டி அனுப்புகிறவர். கிருபையூர்ப் பிள்ளைகள் பிழைக்கப்போன ஊர்களுக்கெல்லாம் பண்டிகைக்குப் பண்டிகை அவர் பெட்டி போகும். அந்த வருசத்துக் கிறிஸ்துமஸிலிருந்து ஒவ்வொரு பெட்டியின் கழுத்திலும் எமீமாள் வெட்டிப் பெயர் எழுதிய டேக் தொங்கியது.

டேக்குகளை எடுத்தபின் மிஞ்சுகிற அட்டையைத் தூக்கிப்போட அவளுக்கு மனசு வரவில்லை. வரிசை வரிசையாக நட்சத்திர ஓட்டையும் மணி ஓட்டையும் விழுந்த அந்த அட்டைகளை, எந்த ஓட்டை யாருக்குப் போன டேக் என்று பென்சிலால் குறித்து, சன்னலில் கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, அரிசி களைந்துகொண்டே சன்னலைப் பார்த்தபோது, நட்சத்திர ஓட்டை ஒன்றின் வழியே முருங்கை மரம் தெரிய வேண்டிய இடத்தில் குருவானவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை தெரிந்தது. முந்தின நாள் கொடுத்தனுப்பிய பெட்டி அந்த மேசையில் இருந்தது. குருவானவரின் மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஓட்டையில் பேருந்து நிறுத்தத்து சாகுல் ஹமீதின் கடைக் கல்லா. அதற்கும் பக்கத்தில் ஒன்றுமில்லை, இருட்டு. அந்தப் பெட்டி இன்னும் மஸ்கட்டுக்குப் போய்ச் சேரவில்லை. டேக் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை ஓட்டை காட்டுகிறது என்று புரிந்துகொண்டதும் எமீமாள் கையைத் துடைத்துக்கொண்டு போய் அரிசியை உலையில் போட்டாள்.

ஊருக்கு அதைச் சொன்னது பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய். அவள் மகன் கிதியோன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பெட்டி சேர்ந்த அன்றைக்கு ஓட்டைக்குள் வெளிச்சம் வந்தது. எட்டுப் பேர் படுக்கிற அறையும், கட்டிலின் இரும்புக் கம்பியும், கம்பியில் காயப்போட்ட துண்டும் தெரிந்தன. பாக்கியத்தாய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மடியில் மொச்சைக்காயை வைத்துக்கொண்டு, உரிக்க உரிக்க ஒரு மணி நேரம் பார்த்தாள். தினமும்தான் போனில் முகம் பார்த்துப் பேசுகிறாயே என்று யாரோ கேட்டதற்கு, அது அவன் எனக்குக் காட்டுகிற முகம், இது அவன் சும்மா இருக்கிற முகம் என்றாள்.

அதன்பின் ஊர் வரத் தொடங்கியது. சிட்னி, லூதியானா, ஷார்ஜா, திருப்பூர் என்று பிள்ளைகளை விட்டவர்களெல்லாம் வந்தார்கள். தவராஜ் கடையிலிருந்து இரண்டு பெஞ்சு கொண்டுவந்து போட்டார். சபையின் கமிட்டி கூடிப் பேசி, ஞாயிறு ஆராதனை முடிவில், கல்யாண அறிவிப்புக்கும் பாடகர் குழு ஒத்திகை அறிவிப்புக்கும் நடுவில், சன்னல் பார்க்கிற நேரம் மாலை நாலு முதல் ஆறு வரை என்றும், அவரவர் பெயர் எழுதிய ஓட்டையைத் தவிர அடுத்தவர் ஓட்டையில் யாரும் கண் வைக்கக்கூடாது என்றும் குருவானவர் வாசித்தார். இதெல்லாம் வேதத்தில் உண்டா என்று ஒரு மூப்பர் எழுந்து கேட்க, இல்லை, ஆனால் வேண்டாம் என்றும் இல்லை என்று குருவானவர் சொல்லி ஆசீர்வாதம் கூறி அனுப்பினார். அவருக்கும் லூதியானாவில் ஒரு மகள் இருந்தாள்.

பொங்கலுக்குப் பானை டேக் வாங்க இசக்கியம்மன் கோயில் தெருக்காரர்கள் வந்தார்கள். நோன்பு வரட்டும், பிறை டேக் நூறு வேண்டும் என்று சாகுல் ஹமீது முன்னதாகவே சொல்லிவைத்தார். அட்டைகள் பெருகி, சன்னல் போதாமல் கூடத்துச் சுவர்களிலும் தொங்கின. எங்கெங்கோ இருக்கும் வீடுகளின் வெளிச்சம் நட்சத்திர நட்சத்திரமாகக் கூடத்துத் தரையில் விழுந்தது. ஒரு மூலையில் சிட்னியின் வெயில், ஒரு மூலையில் லூதியானாவின் பனிமூட்டம், நடுவில் மஸ்கட்டின் குழல் விளக்கு. எமீமாள் காலையில் பெருக்கும்போது அந்த வெளிச்சங்கள் துடைப்பத்தின்மேல் ஏறி இறங்கின.

எல்லாமே நல்லதாகத் தெரிந்துவிடவில்லை. எபனேசர் வாத்தியார் மகனுக்கு அனுப்பிய டேக், போய்ச் சேர்ந்த அன்றைக்கே சென்னையில் ஒரு குப்பைத் தொட்டிக்குள் கிடந்து வாழைப்பழத் தோலைக் காட்டியது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னாலிருந்த பெண்கள், பேரப்பிள்ளை விளையாட்டுக்கு எடுத்துப் போட்டிருக்கும், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஆளுக்கொரு பக்கம் சொல்ல, அவரும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சேதி அக்கரைக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, அங்கே உள்ளவர்கள் டேக்குக்கு எதிரே உள்ள சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஷார்ஜாக்காரன் புதுக் காருக்குள் அதைக் கட்டினான். சில மருமகள்கள் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார்கள். அவர்களுடைய மாமியார்கள் கிருபையூரில் உட்கார்ந்து சுண்ணாம்பு பார்த்தார்கள்.

எமீமாளுக்கும் ஒரு ஓட்டை இருந்தது. சன்னலின் இடது ஓரம், மணி வடிவத்தில். அதன் அடியில் ‘ரூர்கேலா’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

ரூர்கேலாவில் இருந்தது அவள் தங்கை கெத்சியாள். வேதத்தில் வரும் யோபுவின் மகள்மார் பெயரை அவர்கள் அப்பா தேடி வைத்திருந்தார். மூன்றாவது மகளின் பெயர் வாயில் நுழையாது என்பதால்தான் இரண்டோடு நிறுத்தினார் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். எஃகு ஆலையில் வேலை பார்க்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன கெத்சியாளுக்கு இரண்டு பிள்ளை தங்காமல் போய், மூன்றாவது ஏழாம் மாதத்தில் இருந்தது. எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த அந்த நேரத்தில்தான் அம்மா படுத்தார், ஆறே நாளில் போனார். சேதி சொன்னால் இந்தப் பிள்ளையும் நிற்காது என்று பெரியவர்கள் கூடி முடிவெடுக்க, சொல்லாமல் இருக்கிற வேலை எமீமாளுக்கு வந்தது. அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் கெத்சியாள் போன் செய்து அம்மாவிடம் கொடு என்றாள். அம்மா இப்பத்தான் தூங்குதாவ என்றாள் எமீமாள். அப்படி நாற்பது நாள் அம்மா தூங்கினார், குளித்தார், சபைக்குப் போயிருந்தார், தொண்டை கட்டிப் பேசமுடியாமல் இருந்தார். பிள்ளை பிறந்து, நல்லபடியாக வீட்டுக்கு வந்தபின் உண்மை தெரிந்தபோது கெத்சியாள் அழவில்லை. நாப்பது நாளும் எங்கிட்ட நல்லாத்தானக்கா பேசின என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். பதினோரு வருசமாக அந்தப் போன் எமீமாளுக்கு எடுக்கப்படவில்லை. வருசந்தோறும் கருப்பட்டிப் பெட்டி மட்டும் போனது. அது சேர்ந்ததா, திரும்பியதா, தெருவில் போனதா என்று அவளுக்குத் தெரியாது.

இந்த வருசம் தெரிந்தது. ஒன்பது நாள் இருட்டாக இருந்த மணி ஓட்டையில் பத்தாம் நாள் வெளிச்சம் வந்து, ஒரு கை தெரிந்து, அதன்பின் ஒரு மின்விசிறியும் மோட்டுவளையும் தெரிந்தன. அடுத்த நாளும் அதே மின்விசிறி. பெட்டியை ஏதோ பீரோவுக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறாள் என்று எமீமாளுக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. ஓட்டையின் ஓரமாகக் கண்ணை வைத்து மிகவும் சாய்ந்து பார்த்தால் பக்கத்தில் இன்னொரு பெட்டியின் மூலையும், அதற்கப்பால் இன்னொன்றும் தெரிந்தன. தவராஜின் பழைய பச்சை லேபிள், அதற்கும் முந்தின மஞ்சள் லேபிள். பதினோரு வருசத்துப் பெட்டிகள், கட்டின நூல்கூட அவிழ்க்கப்படாமல். திறக்கவும் இல்லை, எறியவும் இல்லை. இதற்குச் சந்தோசப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் எமீமாள் வெகுநேரம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உன் தங்கச்சி வீட்டில் என்ன தெரிகிறது என்று கேட்டவர்களிடம், கிறிஸ்துமஸ் மரத்தில் கட்டியிருக்கிறாள் என்று சொன்னாள். பாக்கியத்தாய் ஒரு நாள் கமிட்டி போட்ட சட்டத்தை மீறி மணி ஓட்டையில் பார்த்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் சாளை மீன் குழம்பு ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மின்விசிறி ஆடியது, மோட்டுவளை சுழன்றது, ஓட்டை முழுவதும் ஒரு முகம் வந்து அடைத்துக்கொண்டது. பதினோரு வயதுப் பெண்பிள்ளை. மேல்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. வாயில் கருப்பட்டி ஒதுங்கியிருந்தது. நாற்பது நாள் யாருக்காகப் பொய் சொன்னாளோ அந்தப் பிள்ளையை எமீமாள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். சாரோன் என்று பெயர் என்பது மட்டும் உறவுக்காரர்கள் வழியே தெரியும்.

சாரோன் அந்த டேக்கைத் தன் பள்ளிக்கூடப் பையில் மாட்டிக்கொண்டாள். அதுமுதல் மணி ஓட்டையில் ரூர்கேலா ஆடி ஆடி வந்தது. சைக்கிள் சக்கரம், புகைபோக்கி, இந்தி எழுதிய கரும்பலகை, பகிர்ந்து தின்ற கொய்யா, மாலையில் வீட்டுக் கதவு, கதவைத் திறக்கும் கெத்சியாளின் இடுப்பும் கையும். கெத்சியாள் இளைத்திருந்தாள். சமைக்கும்போது இடையிடையே ஓய்ந்து நின்றாள். எமீமாள் நாலு மணிக்குக் காத்திருக்காமல் காலையிலும் மத்தியானமும் பார்த்தாள். டேக் வெட்டுகிற வேலை தேங்கியது. பொங்கலுக்கு வந்தவர்கள் இரண்டு முறை திரும்பிப் போனார்கள். தவராஜ் தானே சோறு வடித்தார்.

சனவரி இருபதாம் தேதி காலை பை பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. நீளமான நடைபாதையில் ஒரு நாற்காலியில் சாரோனின் மடியில் இருந்தது. எதிரே பச்சை அங்கி போட்ட கெத்சியாள், கையில் கோப்பு. டாக்டர் ஒரு பெண், கெத்சியாளின் இடது மார்புப் பக்கம் விரலைக் காட்டி ஏதோ விளக்கினார். கெத்சியாளின் புருசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலம் சமையல்கட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் கெத்சியாள் முப்பதாம் தேதியைப் பேனாவால் வட்டமிடுவதை எமீமாள் பார்த்தாள். வட்டம் போட்டுவிட்டு, யாரும் கேட்காதபடி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அவள் அழுததையும் பார்த்தாள். பை மூலையில் கிடந்ததும், அதற்கு ஒரு கண் இருந்ததும் கெத்சியாளுக்குத் தெரியாது.

எமீமாள் உறவுக்காரர்கள் நாலு பேருக்குப் போன் செய்து சுற்றி வளைத்து விசாரித்தாள். ரூர்கேலாவில் எல்லாரும் நல்ல சுகம் என்றார்கள். அவர்களிடம் கெத்சியாள் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

இரண்டு நாள் எமீமாள் சரியாகச் சாப்பிடவில்லை. ரூர்கேலாவுக்குப் போனால், எப்படித் தெரிந்தது என்பாள் கெத்சியாள். பார்த்தேன் என்று சொன்னால், ஒரு மாதமாக என் வீட்டுக்குள் ஒளிந்து பார்த்தாயா என்று கதவைச் சாத்துவாள். அப்படிச் சாத்தினால் அது நியாயம். யாரோ சொன்னார்கள் என்று ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். ஊரில் யாரும் அதைப் பொய் என்று நினைக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் காலை அவள் பெட்டியில் சேலை மடித்து வைப்பதைத் தவராஜ் பார்த்தார்.

“பாத்தேன்னு சொல்லப் போறியா?” என்றார்.

“சொல்லத்தான் போறேன்.”

“அவ வெளிய போன்னு சொல்லிட்டான்னா?”

“சொல்லட்டும். சொல்லாம இருந்ததுக்குத்தான பதினோரு வருசம் போச்சு.”

தவராஜ் சன்னலிலிருந்து மணி ஓட்டை உள்ள அட்டையைக் கிளிப் எடுத்து இறக்கி, கசங்காமல் இரண்டு பலகைத் தகட்டுக்கு நடுவில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அந்த அட்டையில் இன்னும் பதினொரு வீட்டுக்காரர்களுடைய ஓட்டைகள் இருந்தன. பாக்கியத்தாய் வீடு வீடாகப் போய்க் கேட்டுவந்தாள். எல்லாரும் கொண்டுபோகட்டும் என்றார்கள். ஷார்ஜாக்காரனின் அம்மா மட்டும் புறப்படுமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து, காரின் பின்சீட்டைப் பார்த்துவிட்டுப் போனாள்.

சென்னைக்கு ஒரு ரயில், அங்கிருந்து ரூர்கேலாவுக்கு ஒரு ரயில். எமீமாள் தகட்டைப் பிரிக்கவே இல்லை. இனி தங்கைக்குத் தெரியாமல் பார்ப்பதில்லை என்று சாமான் தட்டில் அதை வைத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே எல்லாரும் பார்க்கிற வயலையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டு போனாள். இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் அந்தக் குடியிருப்பின் கதவைத் தட்டினாள். திறந்தது சாரோன். தெரியாத பெரியம்மாவை அண்ணாந்து பார்த்துவிட்டு, அம்மா என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்.

கெத்சியாள் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எமீமாள் படிக்கட்டில் நின்றபடியே தகட்டைப் பிரித்து, அட்டையை எடுத்து நீட்டி, ரயிலில் இரண்டு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னாள். இதன் வழியாக உன் வீட்டைப் பார்த்தேன். முதலில் மின்விசிறியைப் பார்த்தேன், பெட்டிகளைப் பார்த்தேன், பிறகு பிள்ளையைப் பார்த்தேன். உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நீ காலண்டரில் வட்டம் போட்டு அழுததையும் பார்த்தேன். உன்னைக் கேட்காமல் பார்த்தது தப்பு.

கெத்சியாள் அட்டையை வாங்கி, மணி ஓட்டையில் கண்ணை வைத்தாள். பை கூடத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டைக்குள் அவள் முதுகும், முதுகுக்கு அப்பால் படிக்கட்டில் பெட்டியோடு நிற்கும் அக்காவும் தெரிந்தார்கள். அக்காவின் தலை முழுக்க நரைத்திருந்தது. ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்து நேரே பார்த்தபோதும் அப்படியே நரைத்திருந்தது.

“உள்ள வா,” என்றாள்.

சாப்பிட்டு முடித்து, சாரோன் விளையாடப் போனபின், இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். ஆலையின் சங்கு ஒரு முறை ஊதி ஓய்ந்தது. கெத்சியாள் மடியில் கிடந்த போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா கடைசியா என்னக் கேட்டாவளா?”

இதற்கும் எமீமாளிடம் ஒரு பதில் இருந்தது. பதினோரு வருசமாக எல்லாருக்கும் சொன்ன பதில். அம்மா நினைவில்லாமல் போனார் என்பது. அதைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

“கேட்டாவ,” என்றாள். “அஞ்சாம் நாளுலருந்து கேட்டுக்கிட்டே இருந்தாவ. நீ ரயில்ல வந்துக்கிட்டு இருக்கன்னு சொன்னேன். எந்த ஸ்டேசன்னு கேட்டாவ. நானா ஒவ்வொரு ஸ்டேசனா சொல்லிக்கிட்டு வந்தேன். நீ விழுப்புரம் தாண்டிட்டன்னு சொன்னப்ப உசுரு போச்சு.”

கெத்சியாள் அழுதாள். பதினோரு வருசத்துக்கு முன் அழ வேண்டியதைச் சத்தம் போட்டு, வாயை அடைக்காமல் அழுதாள். எமீமாள் தொடவில்லை, பக்கத்தில் இருந்தாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபின் கெத்சியாள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அவளுடைய புருசன் நல்லவர், ஆனால் பயந்தவர்; டாக்டர் சொல்வதில் பாதியை முழுங்கிவிட்டு மீதியைத்தான் வீட்டில் சொல்கிறார். அந்தப் பாதி என்னவென்று யோசித்து யோசித்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

“நாளான்னிக்கு என்னய உள்ள கொண்டு போவாவ. முழிச்சதும் டாக்டரு என்ன சொன்னாவன்னு நீதான் வந்து சொல்லணும். வேற யாரும் வேண்டாம்.”

எமீமாள் சரி என்றாள்.

முப்பதாம் தேதி காலை எட்டரைக்கு உள்ளே போனவளை மத்தியானம் வெளியே கொண்டுவந்தார்கள். நடைபாதையில் டாக்டர் அம்மா வந்து பேசியபோது எமீமாள், தனக்கு இந்தி தெரியாது, இங்கிலீசில் மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டு, புரியாத இடத்தில் திரும்பக் கேட்டு, சாரோனின் நோட்டில் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துத் தன் கையெழுத்தை ஒரு முறை வாசித்துப் பார்த்தாள். அதில் நல்லதும் இருந்தது, நல்லதல்லாததும் இருந்தது, இன்னும் ஒரு வாரம் போனால்தான் தெரியும் என்பதும் இருந்தது. கெத்சியாளின் புருசன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இன்றைக்கே எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா மைனி, நல்லதை மட்டும் சொல்லுங்களேன் என்று கெஞ்சினார். எமீமாள் அவர் தோளைத் தட்டி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனாள்.

வெயில் சாயும்போது கெத்சியாள் கண் விழித்தாள். உதடு காய்ந்திருந்தது. யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் நேரே அக்காவைத் தேடினாள்.

“என்ன சொன்னாவ?”

எமீமாள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு, தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தாளைப் பிரித்து, முதல் வரியிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.